காலுக்குக் கால்

எங்கள் வீட்டில் கோழி அடித்தால் எனக்குக் கால்கள் மட்டும்தான். தொடை கிடையாது, நெஞ்சு கிடையாது, ஈரல் கிடையாது. செதிலும் நகமுமாக, பசாரில் வெட்டித் தூர எறிகிறார்களே, அந்தக் கால். அண்ணனுக்கு ஒரு தொடை, தம்பிக்கு ஒரு தொடை, அப்பாவுக்கு நெஞ்சு, மீதி அத்தைக்கும் அம்மாவுக்கும். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கால் சூப்பைக் குடித்துக்கொண்டு, அவர்கள் எலும்பைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். அது போகும்போது என் கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அம்மா சொல்வாள். அதற்குமேல் அம்மா எதுவும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுவதும் அத்தையுடையது.

அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். வந்த கையோடு அடுப்பையும் பெட்டிச் சாவியையும் அப்பாவையும் எடுத்துக்கொண்டாள். என் கால்களையும் எடுத்துக்கொண்டாள். "இந்தக் குட்டிய நான் நடக்க வெச்சுக் காட்டறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று வரிசை வீட்டுக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அத்தை சொன்னால் சொன்னதுதான். பிறகு அதற்காக யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய பினாங்கு அது. சுங்கை பினாங் ஆற்றுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அரிசி மூட்டையைத் தூக்குகிற அதே தோளில்தான் என்னையும் தூக்குவார். மற்றபடி என்னைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு கருத்தும் இருந்ததில்லை. "அக்கா சொல்றபடி செய்" என்பார்.

அக்கா சொன்னது இதுதான். கால் தேற வேண்டுமானால் காலைத்தான் தின்ன வேண்டும். ஆட்டுக்கால் வாங்க எங்களுக்கு வக்கில்லை. கோழிக்கால் பசாரில் சும்மாவே கிடைக்கும், ஆனால் அதை அத்தை வாசல் ஏற விடமாட்டாள். "கண்ட சாக்கடையில மிதிச்ச காலு. அதக் குடிச்சா இவளுக்கும் அந்தக் காலுதான் வரும்." ஆகவே கோழிகளை நாமே வளர்ப்பது, அவற்றின் கால்களை நாமே பார்த்துக்கொள்வது என்று முடிவானது. ஊரில் எல்லாரும் முட்டைக்கும் கறிக்கும் கோழி வளர்த்தார்கள். என் அத்தை கோழியின் காலுக்காகக் கோழி வளர்த்தாள்.

கறி எனக்கு ஆகாது என்பதும் அவள் வைத்தியம்தான். கறி தின்றால் சத்தெல்லாம் வயிற்றோடு நின்றுவிடுமாம். காலை மட்டும் தின்றால்தான் காலுக்கு இறங்குமாம். ஒருமுறை தம்பி பாதி கடித்த தொடையை எனக்கு நீட்டினான். அத்தை அதைத் தட்டிவிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "அவ கால நீ திங்கறியா? அப்ப நீ எதுக்கு அவளுக்குக் கறி குடுக்கற?" என்றாள். கேள்வி யாருக்கும் புரியவில்லை, அடி எல்லாருக்கும் புரிந்தது.

பின்கட்டு வாசல்தான் என் உலகம். நான் தவழ்ந்துதான் போவேன். ஆற்றுப் பக்கம் போய்விடக் கூடாதென்று என் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் கோழிக்கூண்டின் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். மற்றவர்கள் கோழியை மேலிருந்து பார்த்தார்கள். கொண்டையையும் இறகையும் சொல்லி அடையாளம் காட்டினார்கள். எனக்கு ஒவ்வொரு கோழியையும் அதன் காலை வைத்துத்தான் தெரியும். எது நடுவிரலை அழுத்தி வைக்கும், எது காலைத் தூக்கி ஒரு நொடி யோசித்துவிட்டு வைக்கும், எதற்கு நகம் வளைந்து போயிருக்கிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பினாங்கு மழை நேரம் காலம் பார்ப்பதில்லை. வாசல் சேறு காயாது. அந்தச் சேறு கோழிகளின் விரல் நுனியில் உருண்டு, கல்லாகக் காய்ந்து, நகத்தோடு பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பிடுங்கினால் நகமும் வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அத்தைக்கு ஊறவைக்கிற பொறுமை பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. இன்னொரு கேடு, செதிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புகுந்துகொள்வது. செதில்கள் பழைய அத்தாப்பு மாதிரி தூக்கிக்கொண்டு, உள்ளே சுண்ணாம்பாக உதிரும். அதற்கு மண்ணெண்ணெய். பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, கோழியின் இரண்டு காலையும் அதில் முக்கிப் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஆணி. கனத்த பெட்டைகள் கூண்டுக் கம்பிலிருந்து கல் மேல் குதித்துக் குதித்து உள்ளங்காலில் காயம் படும். மேலே ஆறிவிடும், உள்ளே பழுக்கும். பாதம் பணியாரம் மாதிரி உப்பி, நடுவில் ஒரு கறுப்புப் பொருக்கு உட்கார்ந்திருக்கும். அத்தை மீன் அரிகிற சின்னக் கத்தியை நெருப்பில் காட்டிவிட்டு, பொருக்கைச் சுற்றிக் கீறி, இரண்டு கட்டைவிரலாலும் பிதுக்குவாள். கடலைப் பருப்பு அளவுக்குக் கெட்டியாக ஒன்று மஞ்சளாக வெளியே வரும். அந்தக் குழியில் மஞ்சளும் சுண்ணாம்பும் அடைத்துத் துணி சுற்றிவிடுவாள். அது முடிகிறவரை கோழியைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. கோழி கத்துவதைத் தாங்க முடியாமல் அண்ணனும் தம்பியும் ஓடிவிடுவார்கள். என்னால்தான் ஓட முடியாதே. தவழ்ந்து தவழ்ந்து என் கைகள் உரமேறியிருந்தன. தலையை என் அக்குளில் சொருகி, சிறகை முழங்கையால் அமுக்கி, காலை அத்தை பக்கம் நீட்டிக் கொடுப்பேன். "இவள மாதிரிப் பிடிக்க ஆளு கெடையாது" என்று அத்தை சொல்வாள். அவள் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுக்குத்தான். அதற்காகவே நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

கோழிகள் முடிந்தால் அடுத்தது நான். அதே கை, கழுவியும் கழுவாமலும், என் கால்களுக்கு வரும். விளக்கெண்ணெய் தடவி முட்டியை நீவி, மடங்கிக் கிடந்ததை நேராக்குகிறேன் என்று இழுப்பாள். எலும்புக்குள் ஏதோ கிழிவதுபோல் இருக்கும். கோழியாவது கத்தலாம். நான் கத்தினால் சத்து வாய் வழியாகப் போய்விடும் என்று சேலைத் தலைப்பை என் வாயில் திணித்துவிடுவாள். இதையெல்லாம் வைத்து அத்தைக்கு என்மேல் ஆசையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டில் என் காலைத் தினமும் கையில் எடுத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அம்மாகூடத் தொடமாட்டாள்.

நொண்டுகிற கோழி தேறாது என்று தோன்றினால் அன்றே அறுத்துவிடுவாள். பழுதான கால் குப்பைக்கு, நல்ல கால் எனக்கு. ஒற்றைக் கால் மிதக்கிற சூப்பையும் நான் குடித்திருக்கிறேன். அத்தை அறுக்கும் முன்பே மற்றக் கோழிகள் பாதி வேலையை முடித்துவிடும் என்பது வேறு விஷயம். ஒன்று நொண்டத் தொடங்கியதும் நேற்றுவரை அதன் பின்னால் ஒண்டித் திரிந்தவைகூட அதைத் தீனியிலிருந்து விரட்டும், புண்ணைத் தேடிக் கொத்தும். கோழிக்கு இரக்கம் என்பது கிடையாது. அண்ணனும் தம்பியும் என்னை "நொண்டிக் கோழி" என்று கூப்பிடும்போது எனக்கு வேறு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இத்தனை கால்களைக் குடித்தும் என் கால் அசையவில்லை. வரிசைப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அத்தையைக் கேட்கத் தொடங்கினார்கள். "என்னக்கா, புள்ள நடந்துட்டாளா?" கேட்ட வாயில் ஒரு சிரிப்பும் இருந்திருக்க வேண்டும். அந்தத் தீபாவளி கழிந்ததும் அத்தை முனியாண்டி சாமியிடம் போய்விட்டாள்.

ஆற்றோரம் ஒரு ஆலமரத்தடியில் சூலம் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். மற்ற நாள் மாட்டு வண்டி ஓட்டுகிறவர், ஆடி மாதத்தில் அதற்குப் பூசாரி. அத்தை அங்கே நின்று பேரம் பேசியதை நானே கேட்டேன், அப்பா தோளில் இருந்தேன். "முனியாண்டி, ஆடிக்கு உனக்கு ஊனமில்லாத காலுள்ள சேவல் குடுக்கறேன். நீ இவளுக்கு ஊனமில்லாத காலக் குடு. காலுக்குக் காலு. சரியா இருக்கா?" முனி ஒன்றும் சொல்லவில்லை. அத்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷத்துக் குஞ்சுகளில் புறா அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு செவலைச் சேவலைப் பிடித்தாள். மஞ்சள் கால், நேரான விரல்கள், பாதம் மெத்தென்று இருந்தது. காலைப் பார்த்துத்தான் எடுத்தாள். நேர்ந்துவிட்ட சேவலுக்கு எல்லாரும் சிறகில் மஞ்சள் துணி கட்டுவார்கள். அத்தைக்கு அது சரியாகப் படவில்லை. நேர்ச்சை காலுக்கு என்றால் துணியும் காலில்தான் இருக்க வேண்டும் என்றாள். ஒரு காசு நாணயம் அப்போது சதுரமாக இருக்கும். அதை மஞ்சள் துணியில் முடிந்து, சேவலின் இடது காலில், பாதத்துக்குச் சற்று மேலே சுற்றி, அவிழாதபடி மூன்று முடிச்சுப் போட்டாள். நான்தான் பிடித்துக்கொண்டேன். இனி அந்தச் சேவலை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கட்டியதை ஆடிவரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் நேர்ச்சை போயிற்று.

இடையில் ஒன்று நடந்தது. அப்பாவோடு மூட்டை தூக்குகிற ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கலா. காலுக்கு இரும்புப் பட்டை வெச்ச சப்பாத்து செஞ்சு குடுக்கறாங்களாம். அதப் போட்டுக்கிட்டு ஒரு வெள்ளக்காரப் புள்ள நடக்குது, நானே பாத்தேன்" என்றார். அப்பா முதல்முறையாக அத்தையைக் கேட்காமல் "போயிட்டு வரலாமா?" என்று என்னையே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"சாமிகிட்டச் சொல்லியாச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, சாமிய நம்பலேன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ஆடி கழியட்டும்டா."

"சரிக்கா" என்றார் அப்பா. சப்பாத்து ஆடிக்குத் தள்ளிப்போயிற்று. அன்றிலிருந்து நடக்கிற வழி எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றாகிவிட்டது. அது அந்தச் சேவலின் காலில் கட்டியிருந்தது.

சேவல் வளர்ந்தது. துணி வளருமா? மழையில் நனைந்து, எச்சத்தில் புரண்டு, வெயிலில் காய்ந்து அது தோல்வார் மாதிரி ஆகிவிட்டது. முதலில் துணிக்குக் கீழே கால் பருத்தது. சதுரக் காசின் ஒரு மூலை செதிலைக் கிழித்து உள்ளே இறங்கியது. பிறகு சேவல் அந்தக் காலைத் தூக்கி ஒரு நொடி யோசித்துவிட்டு வைக்கத் தொடங்கியது. யோசிக்கிற கோழியை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

"அத்தே, சேவ நொண்டுது. துணி இறுக்குது அத்தே."

அவள் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தாள். துணியைப் பார்த்தாளோ இல்லையோ, பாதம் உப்பியிருப்பதைப் பார்த்தாள். "ஆணி" என்றாள். கத்தி சூடேறியது. நான் பிடித்துக்கொண்டேன். பாதத்தைக் கீறிப் பிதுக்கினாள், ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாகக் கீறினாள், ரத்தம்தான் வந்தது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் அடைத்தாள். அடுத்த வாரம் மண்ணெண்ணெயில் முக்கினாள். அதற்கடுத்து வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், சுட்ட செங்கல் ஒத்தடம் என்று நீண்டது. இருக்கிற வைத்தியம் அத்தனையும் அந்தக் காலுக்கு நடந்தது. முடிச்சை மட்டும் அவள் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் துணியை அவள் விரல் தாண்டித் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் வருகிறது.

"அத்தே, துணிய அவுத்தா சரியாயிடும்."

"அவுத்தா உன் காலு போயிடும்டி, மக்கு."

போவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று முழுவதும் யோசித்தேன். துணியை அவிழ்த்தால் நேர்ச்சை போகும், நான் நடக்கமாட்டேன். அவிழ்க்காவிட்டால் சேவலின் கால் போகும், ஊனச் சேவலை முனி வாங்கமாட்டார், அப்போதும் நடக்கமாட்டேன். அவிழ்க்காமல் தளர்த்திவிட்டால்? முடிச்சு முடிச்சாகவே இருக்கும், துணி துணியாகவே இருக்கும், காலுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதில் முனிக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம், அத்தை பாயில் சாய்ந்திருந்த நேரம், அம்மாவின் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு சேவலைப் பிடித்து மடியில் போட்டேன். அவனுக்கு என்னைப் பிடிக்காது. எப்படிப் பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் அவனை அமுக்கிப் பிடித்தவள் நான்தானே. என் கையில் கொத்திச் சதையைப் பிடுங்கினான். நான் விடவில்லை. ஊசியின் நுனியைத் துணிக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். ஒரு சுற்று நெகிழ்ந்தது. கறுத்துப்போயிருந்த தோலில் ஒரு சிவப்பு ஓடியது. சேவல் கொத்துவதை நிறுத்திவிட்டு அசையாமல் கிடந்தான். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

என் காதை யாரோ திருகித் தூக்கினார்கள். அத்தை.

"அவுக்கறியா? சாமிக்குக் கட்டினத அவுக்கறியா? உனக்காகத்தானேடி நாயா அலையறேன்!"

"அவுக்கல அத்தே, தளத்தறேன்..."

அறை விழுந்தது. ஊசி எங்கோ போய் விழுந்தது. அத்தை உள்ளே ஓடி, புது நூலை மஞ்சளில் தோய்த்துக்கொண்டு வந்தாள். "பிடி" என்றாள். நான் பிடிக்கமாட்டேன் என்றேன். அவளிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சேவலைத் தன் முழங்காலுக்கு அடியில் போட்டு அமுக்கி, பழைய துணிக்கு மேலேயே புது நூலைச் சுற்றி, ஒரு முனையைக் கையில் பிடித்து மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிந்தாள். சேவல் போட்ட சத்தத்தில் வரிசை நாய்கள் குரைத்தன. அம்மா துவைக்கிற கல்லடியில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். பிறகு குனிந்து துணியை அடித்துத் துவைக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கால் சூடு இழந்தது. தொட்டால் ஈரத் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். விரல்கள் கறுத்துச் சுருங்கின. ஒரு நகம் கழன்று விழுந்தது. பெட்டைகள் அவனைச் சுற்றி நின்று அந்தக் கறுப்பு விரலைக் கொத்தின. அவன் ஒற்றைக் காலில் நின்று கூவினான். வலது கால் மட்டும் கடைசிவரை அழகாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சள், ஒரு செதில்கூடப் பிசகவில்லை.

ஆடித் திருவிழா அன்று காலையில் எங்கள் இருவருக்கும் குளியல் நடந்தது. அத்தை எனக்கு மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, பாவாடை கட்டிவிட்டாள். சேவலின் இரண்டு காலிலும் மஞ்சளைக் குழைத்து, கறுப்பு தெரியாதபடி கனமாக அப்பினாள். "ரத்தம் விழற நேரத்துல நீ எழுந்து நிக்கணும். அப்பா பிடிச்சுக்குவாரு. அப்புறம் விட்டுடுவாரு. பயப்படாத" என்றாள். அவள் குரல் அன்று மெதுவாக இருந்தது. அவள் நிஜமாகவே நம்பினாள். நானும் நம்பினேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை, நடக்க ஆசைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

ஆலமரத்தடியில் வரிசை வீடுகள் மொத்தமும் கூடியிருந்தது. எங்கள் முறை வந்தது. அப்பா என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தரையில் நிறுத்திப் பிடித்தார். என் பாதங்கள் மண்ணைத் தொட்டன. பூசாரி சேவலை வாங்கிக் கல்லின் முன் நிறுத்தி, உத்தரவு கேட்பதற்காக அதன் தலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். சேவல் உடம்பைச் சிலிர்த்தான். கூட்டம் குலவையிட்டது. முனி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மஞ்சள் கரைந்து ஓடியது. கறுத்துச் சூம்பிய கால் எல்லாருக்கும் தெரிந்தது.

பூசாரி குனிந்து பார்த்தார். "என்னம்மா இது? ஊனக் கோழியக் குடுத்துச் சாமிய ஏமாத்தப் பாக்கறியா?"

"இல்ல பூசாரி, புண்ணுதான்... வேற சேவ வீட்டுல இருக்கு, இப்பவே கொண்டாந்துடறேன்."

"நேந்துவிட்டது இதுதானே? வேறது எப்பிடி ஆகும்? சாமிக்கு இது வேணாம். தூக்கிட்டுப் போ."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு ஏத்த சேவதான்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எல்லார் கண்ணும் சேவலின் காலிலிருந்து என் காலுக்கு வந்தன. நான் நிற்கத்தான் பார்த்தேன். உடம்பிலிருந்த உயிரையெல்லாம் முட்டிக்கு அனுப்பிப் பார்த்தேன். முட்டி மடங்கிவிட்டது.

பூசாரி சேவலைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தி, "காசு சாமியோடது" என்றார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, அந்தத் துணியை ஒரே இழுப்பில் அறுத்தார். சதுரக் காசை உதறி எடுத்து உண்டியலில் போட்டார். துணி மண்ணில் விழுந்தது. தீபாவளியிலிருந்து யாரும் தொடக் கூடாது என்றிருந்த துணி. அதை அறுக்க ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. துணி இருந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது, அதன் அடியில் எலும்பு தெரிந்தது.

திரும்பி வரும்போது அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொள்ளவில்லை. மூட்டையைப் போடுவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தலை தொங்கி வந்த எனக்கு அத்தையின் கையில் தலைகீழாகத் தொங்கிய சேவலின் முகம் பக்கத்தில் தெரிந்தது. அத்தை வழிநெடுகப் பேசவே இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் பாவமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவள் திட்டுவாள், பிறகு என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவுவாள், நாளைக்கு வேறு ஏதாவது யோசிப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அத்தை சேவலை அறுத்தாள். பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கி, காலிரண்டையும் ஒரே வெட்டில் தறித்தாள். கறுப்பு இடது கால், பளபளக்கிற வலது கால். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, எட்டி, சாக்கடையில் வீசினாள். நான் கூண்டடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைதவறி நல்ல காலையும் சேர்த்து எறிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அத்தே, அந்த வலது காலு நல்லா இருந்துச்சு."

அவள் காதில் விழாததுபோல் உள்ளே போனாள்.

சோற்று நேரம் வந்தது. குழம்பு மணத்தது. அண்ணனுக்கு ஒரு தொடை, தம்பிக்கு ஒரு தொடை வழக்கப்படி விழுந்தன. அடுப்பில் என் சின்னச் சட்டி இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தச் சூப்பை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது. நகம் நாக்கில் தட்டும், வழவழப்பு தொண்டையில் நிற்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பேன். அன்று அந்தச் சட்டி கவிழ்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அதுதான் வேண்டும் என்றிருந்தது.

"அத்தே, எனக்குச் சூப்பு?"

அத்தை என்னைப் பார்க்காமல், "இனிமே எதுக்குடி?" என்றாள்.

திட்டவில்லை. குரல் உயரவும் இல்லை. அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். இரும்புப் பட்டைச் சப்பாத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. சாமியே வேண்டாம் என்று திருப்பிவிட்ட பிறகு ஆஸ்பத்திரிக்காரன் என்ன செய்வான் என்று அந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக முடிவு செய்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம் என் பக்கம் வரவில்லை. என் காலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கோழிகளின் காலையும் பார்க்கவில்லை. பொங்கலுக்குள் பாதிக் கோழிகள் நொண்டின.

ஆனால் அது பிறகு. அந்தச் சோற்று நேரத்தில் அத்தை குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள். நெஞ்சுக்கறி. அப்பாவுக்கு வைக்கிற துண்டு.

"தின்னு" என்றாள்.

தம்பி என் தட்டையே பார்த்தான். நான் அதைப் பிட்டு வாயில் வைத்தேன். நாள்தோறும் வாசனை மட்டும் பிடித்து ஏங்கிய கறி. மெத்தென்று, எலும்பே இல்லாமல், மசாலா ஊறி, அவ்வளவு ருசியாக இருந்தது. கண்ணீர் வழிந்து தட்டில் விழ விழ, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றேன்.